சம்பளம், கடன், சீட்டு: பணத்தை நினைத்தாலே பயப்படுகிறவர்கள் கேட்ட கேள்விகள்

கேள்வி: மாதக் கடைசியில் வங்கிக் குறுஞ்செய்தியைத் திறக்கவே பயமாக இருக்கிறது சார். கணக்கு எழுதினால் இந்தப் பயம் போய்விடுமா?

பதில்: ஒரே நாளில் போகாது. ஆனால் தொகை தெரியாத கடன்தான் தூக்கத்தை அதிகம் கெடுக்கும். முதல் மாதம் எந்தச் செலவையும் குறைக்க வேண்டாம். யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி, எப்போது முடியும் என்று மட்டும் எழுதுங்கள். வட்டியை வருடக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். ‘ரெண்டு வட்டி’ என்பது நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், அதாவது வருடத்துக்கு 24%. இப்படி மாற்றினால்தான் எதை முதலில் அடைப்பது என்று தெரியும்.

கேள்வி: கிரெடிட் கார்டில் 40,000 ரூபாய் பாக்கி. மினிமம் டியூ, அதாவது மாதம் கட்டியாக வேண்டிய குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டுகிறேன், பாக்கி குறையவே இல்லையே?

பதில்: மாதம் 3.5% வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி 1,400, அதன்மேல் 18% ஜிஎஸ்டி 252. மினிமம் 5% என்றால் நீங்கள் கட்டும் 2,000 ரூபாயில் அசலுக்குப் போவது 348 மட்டுமே. பழைய பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அதனால் கார்டை இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள். வீட்டில் நகை இருந்தால் வங்கியில் அடகு வைத்து மொத்தமாக அடைத்துவிடலாம். நகைக்கடன் வட்டி இதைவிட மிகக் குறைவு. அதில் அவமானம் எதுவும் இல்லை.

கேள்வி: ஒரு லட்சம் ரூபாய் கடன், இரண்டு வருடம். ஃபைனான்ஸில் 12% ஃபிளாட், வங்கியில் 16% என்கிறார்கள். 12 தானே நல்லது அண்ணா?

பதில்: இல்லை தம்பி, இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஃபிளாட் என்றால், நீங்கள் அசலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வந்தாலும் கடைசி மாதம்வரை முழு ஒரு லட்சத்துக்கே வட்டி. மொத்தம் 24,000. வங்கி குறையும் அசலுக்கு மட்டும் வட்டி போட்டால் சுமார் 17,500தான் வரும். அந்த 12% உண்மையில் ஏறக்குறைய 21.6%. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடன்களுக்கு வங்கியும் ஃபைனான்ஸ் நிறுவனமும் முக்கிய விவர அறிக்கை தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதில் ஏபிஆர் என்று ஒரு எண் இருக்கும். கட்டணங்களையும் சேர்த்த உண்மையான வருட வட்டி அதுதான். இரண்டு இடத்திலும் அதைக் கேட்டு வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தர மறுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டு அக்கா நடத்தும் ஏலச்சீட்டில் சேரலாமா?

பதில்: மாதாமாதம் பணம் ஒதுக்கும் பழக்கம் நல்லது, நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் 1982 சிட்பண்ட் சட்டப்படி சீட்டைப் பதிவு செய்ய வேண்டும், நடத்துபவர் பிணைத்தொகை கட்ட வேண்டும். நடத்துபவர் எடுக்கும் கமிஷனுக்கு உச்சவரம்பு 7%. அக்கா எவ்வளவு நல்லவராக இருந்தாலும், நாலு பேர் எடுத்துவிட்டுக் கட்டாமல் போனால் அவரால் என்ன செய்ய முடியும்? பதிவு செய்த சீட்டாகப் பாருங்கள். முதல் மாதங்களிலேயே அதிகம் தள்ளி, அதாவது ஏலத்தில் பெரிய தொகையை விட்டுக்கொடுத்து, சீட்டை எடுத்தால் அது கடன்தான், சேமிப்பு இல்லை.

கேள்வி: தம்பி பணம் கேட்டால் இல்லையென்று சொல்ல மனம் வரவில்லை.

பதில்: திரும்பி வராவிட்டாலும் உங்கள் வீடு தாங்கும் தொகை எவ்வளவு என்று கணவருடன் பேசி முடிவு செய்யுங்கள். அடுத்தமுறை கேட்டால், “இவ்வளவுதான் முடியும்பா, திருப்பித் தர வேண்டாம்” என்று கொடுத்துவிடுங்கள். அவருக்காக ஜாமீன் கையெழுத்து மட்டும் போடாதீர்கள். அவர் கட்டாவிட்டால் முழுக் கடனையும் உங்களிடம் வசூலிக்கச் சட்டம் இடம் தருகிறது.