இரவல் தாத்தா

கேள்வி: துருக்கித் தொடரான 'எர்துருல்' பாகிஸ்தானில் அந்த ஓட்டம் ஓடியதே, சொந்த வரலாறே இல்லாதவர்களா அவர்கள்?
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: இல்லாமல் என்ன? மொகஞ்சதாரோவும் தட்சசீலமும் அவர்கள் மண்ணில்தான் கிடக்கின்றன. ஆனால் அவற்றைப் பாட்டன் சொத்து என்று சொல்லிக்கொள்ளத்தான் கூச்சம்.

2020 ஏப்ரலில், ரமலான் தொடக்கத்தில், அரசுத் தொலைக்காட்சி அந்தத் தொடரை உருதுவில் போட்டது. சிபாரிசு, அன்றைய பிரதமர் இம்ரான் கான். ஹாலிவுட், பாலிவுட் பார்த்துக் கெடும் பிள்ளைகள் இஸ்லாமிய நாகரிகத்தைப் பார்க்கட்டும் என்றார். தொடர் வந்துதான் மனம் மாறியது என்று நினைக்காதீர்கள். நிலம் எப்போதோ உழுது போட்டது. ஏவுகணைகளுக்கு கஜ்னவி, கோரி, அப்தாலி என்று பெயர் வைத்த நாடு. மூவரும் ஆப்கானிஸ்தான் பக்கமிருந்து படையெடுத்து வந்தவர்கள். கோரி 1175-இல் முதலில் பிடித்தது முல்தானை. இன்றைக்கு அது பாகிஸ்தானில் இருக்கிறது. அன்றைக்கு அதை ஆண்டவர்களும் முஸ்லிம்களே, ஷியாக்களில் ஒரு பிரிவான இஸ்மாயிலிகள். அடித்தவரையே தாத்தா என்று கூப்பிட்டுப் பழகியவர்களுக்கு, அந்தப் பக்கமே வராத எர்துருல் தாத்தாவாக என்ன தடை?

சரி, அந்த எர்துருல் யார்? உறுதியாகத் தெரிந்ததை ஒரு தபால் அட்டையில் எழுதினால் இடம் மிஞ்சும். துருக்கியின் உஸ்மானிய (ஒட்டோமான்) அரசைத் தொடங்கிய உஸ்மான் வெளியிட்ட நாணயத்தில் 'எர்துருல் மகன்' என்று இருக்கிறது. மற்ற கதைகளெல்லாம் நூறாண்டுக்கும் மேல் கழித்து எழுதியவை. அதை வைத்து ஐந்து சீசன்! ஆதாரம் இல்லாத இடத்தில் எதையும் நிரப்பலாம், அரசியலையும் சேர்த்து. உஸ்மானிய சுல்தான் சுலைமானை அந்தப்புரத்தில் காட்டிய இன்னொரு தொடரை 2012-இல், அன்றைய துருக்கிப் பிரதமர் எர்தோகானே கண்டித்தார். அவருக்குக் குதிரை மேல் இருக்கும் சுல்தான்தான் வேண்டும்.

மதம் ஒன்று என்பதால்தான் பிடித்தது என்றால் எகிப்தைப் பாருங்கள். அங்குள்ள ஃபத்வா மன்றம் 2020-இல் இத்தொடர்களைப் பார்க்காதீர்கள் என்றது. எர்தோகானோடு அப்போதிருந்த பகை ஒரு காரணம். உஸ்மானியர் நிஜமாகவே வந்து ஆண்ட ஊர் என்பதையும் மறக்க வேண்டாம்.

அப்புறம் ஒரு வேடிக்கை. நாயகி ஹலிமேவாக நடித்த எஸ்ரா பில்கிச், இன்ஸ்டாகிராமில் இந்தக் காலத்து உடையில் படம் போட்டார். பாகிஸ்தான் ரசிகர்கள் திரண்டு வந்து புத்தி சொன்னார்கள், ஹலிமே எப்படி உடுத்த வேண்டும் என்று, அந்தத் துருக்கிப் பெண்ணுக்கே.