இலவசம் இருக்க ஏன் தனியார்?

அன்புள்ள ஐயா,

அரசு மருத்துவமனையில் அனுபவமுள்ள டாக்டர்கள் இருக்கிறார்கள், செலவும் இல்லை. ஆனாலும் நெஞ்சுவலி என்றதும் என் அண்ணன் கடன் வாங்கிக்கொண்டு தனியாருக்குத்தான் ஓடினார். கேட்டால் "உயிர் விஷயம்" என்கிறார். இது விளம்பர மயக்கம் இல்லாமல் வேறென்ன?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

விளம்பரத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் அண்ணனை அவ்வளவு லேசாக எடை போடாதீர்கள்.

மருத்துவத்தில் விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது என்று 1963இலேயே பொருளியலாளர் கென்னத் ஆரோ விரிவாக எழுதினார். காய்ச்சல் விட்ட பிறகும், மாத்திரையால் விட்டதா தானாகவே விட்டதா என்று நமக்குத் தெரியாது. அதனால் தெரிந்ததை வைத்து முடிவு செய்கிறோம்: எவ்வளவு நேரம் நிற்க வைத்தார்கள், முகம் பார்த்துப் பேசினார்களா.

பல நாடுகளில் காலையில் அரசு வெளிநோயாளிப் பிரிவில் இருக்கும் டாக்டரே மாலையில் சொந்த கிளினிக்கில் உட்காருகிறார். படிப்பும் கையும் அதேதான். காலையில் நோயாளி நின்றுகொண்டே பாதி சொல்லி முடிப்பதற்குள் சீட்டு கைக்கு வந்துவிடும், அடுத்தவர் உள்ளே வந்துவிடுவார். மாலையில் "உட்காருங்க, எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குத்தான் காசு கொடுக்கிறோம். அதை ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன். உலக சுகாதார நிறுவனமே தன் 2000ஆம் ஆண்டு அறிக்கையில் நோயாளியின் கண்ணியத்தையும் தாமதமில்லாத கவனிப்பையும் ஒரு நாட்டின் மருத்துவ அமைப்பை அளக்கும் அளவுகோல்களில் சேர்த்தது.

அப்புறம் சொந்தக்காரர்கள். ஏதாவது ஆகிவிட்டால் "செலவுக்குப் பயந்து விட்டுட்டாங்க" என்ற பேச்சு வரும். கடனைவிட அதற்குத்தான் பலர் பயப்படுகிறார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனித்தனியாகப் பணம் வரும் இடத்தில், தேவையில்லாத பரிசோதனையும் எழுதப்படும். நோயாளியோ, "நல்லா பார்த்தாங்க" என்று திருப்தியோடு வீடு திரும்புவார். காசு தீர்ந்ததும் அவரை அரசு மருத்துவமனைக்கே அனுப்பிவைப்பதும் நடக்கிறது.

சரி, அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். மாரடைப்பில் ரத்தக்குழாய் முழுவதும் அடைத்துக்கொண்டால், கண்டறிந்த 2 மணி நேரத்துக்குள் பலூன் வைத்து அடைப்பைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய முடிகிற இடம் வேண்டும். முடியாவிட்டால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைத் தாமதிக்காமல் போட வேண்டும். பளபளக்கும் வரவேற்பறை உள்ள எல்லா இடத்திலும் நள்ளிரவில் அந்த வசதி இருக்காது. பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே விசாரித்து, அண்ணனிடமும் சொல்லிவையுங்கள்.