26-வது இலக்கம் ஏன் கிடைக்காது?

கேள்வி: 3608528850368400786036725 என்ற எண்ணை நண்பர் ஒருவர் அனுப்பியிருந்தார். முதல் இரண்டு இலக்கம் 2-ஆல் வகுபடும், முதல் மூன்று 3-ஆல், முதல் நான்கு 4-ஆல், இப்படியே 25 வரை போகும், இதைவிடப் பெரிதாக இப்படி ஓர் எண் கிடையாது என்கிறார். ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டால் கடைசிப் பத்து இலக்கமும் பூஜ்யமாகிவிடுகிறது. அவர் சொல்வது உண்மையா?

பதில்: உண்மைதான். ஸ்ப்ரெட்ஷீட் 15 இலக்கத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது, அதனால்தான் அந்தப் பூஜ்யங்கள். காகிதத்தில் போடுங்கள், பள்ளியில் படித்த நீள் வகுத்தலே போதும். ஈவை எழுதவே வேண்டாம், மீதியை மட்டும் கொண்டுபோனால் சரி. முதல் 17 இலக்கத்தை 17-ஆல் வகுக்கும்போது 36-க்கு மீதி 2, அடுத்த 0-வைச் சேர்த்தால் 20, மீதி 3, பிறகு 38, மீதி 4... கடைசிக்கு முன் 1 மீதி நிற்கும், 7 வந்து சேர்ந்ததும் 17, மீதி பூஜ்யம். அந்த இடத்தைக் கையால் போட்டுப் பார்க்கும்போது வருகிற சந்தோஷமே தனி.

இனி, ஏன் நிற்கிறது? ஓர் இலக்கத்தை வலப்பக்கம் சேர்க்க நமக்கு 0 முதல் 9 வரை பத்தே வாய்ப்பு, அதாவது அடுத்தடுத்த பத்து எண்கள். அந்தப் பத்துக்குள் 2-இன் மடங்கு ஐந்து இருக்கும், 7-இன் மடங்கு ஒன்றாவது இருக்கும், 10-இன் மடங்கு சரியாக ஒன்றே ஒன்று (கடைசியில் 0). அதனால்தான் இப்படிப்பட்ட ஒன்பது இலக்க எண்கள் 2492, பத்து இலக்க எண்களும் அதே 2492. அதுவரை யாரும் மாட்டிக்கொள்வதில்லை. 11-இலிருந்து கதை மாறுகிறது: பத்து எண்களுக்குள் 11-இன் மடங்கு ஒன்றுகூட இல்லாமல் போகலாம், போனால் அந்தக் கிளை அங்கேயே முடிந்தது. வகுக்கும் எண் பெரிதாகப் பெரிதாக இடைவெளியும் பெரிதாகிறது, எண்ணிக்கை தேய்ந்து தேய்ந்து 20 இலக்கத்தில் 44 ஆகி, 24-இல் மூன்றாகி, 25-இல் உங்கள் நண்பர் அனுப்பிய இந்த ஒன்று மட்டும் மிஞ்சுகிறது.

26-வது இடத்தில் ஒரு 0 வைத்து 26-ஆல் வகுத்தால் மீதி 12. இன்னும் 14 கூட்டினால்தான் வகுபடும், ஆனால் எந்த இலக்கமும் 9-ஐத் தாண்டாதே.

அப்புறம், இதே குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்தது 381654729. 1 முதல் 9 வரை எல்லா இலக்கமும் ஒரே ஒரு முறை வந்து, இந்த விதிக்கும் பொருந்துகிற எண் இது ஒன்றுதான். 5 நட்டநடுவில் உட்கார்ந்திருப்பதைக் கவனித்தீர்களா? ஐந்தாம் இடத்தில் 0 அல்லது 5 வர வேண்டும், 0 இங்கே கிடையாது. 2, 4, 6, 8-ஆம் இடங்களில் இரட்டைப்படைதான் வந்தாக வேண்டும். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு விடையைப் பார்க்காமல் நீங்களே ஒரு முறை முதலிலிருந்து கண்டுபிடித்துப் பாருங்கள்.