எடை மாறும் தராசும் முறியும் ஊசியும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி, சுட்டு முடித்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளை வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்ளும் சுடுதல் ஆர்வலர்களுடையவை. சட்டம் அனுமதிக்கும் இடங்களில், உரிய உரிமம் வைத்திருப்பவர்களுக்கான பதில்கள் இவை. எத்தனை கிரெய்ன் (எடை அளவு) வெடிமருந்து போடலாம் என்று கேட்டவர்கள் மருந்துத் தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்க்கவும். அதை நான் எழுதமாட்டேன்.

கேள்வி: பழைய பிரைமரை (கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) தள்ளி வெளியேற்றும் ஊசி அடிக்கடி முறிகிறது. ஊசி பொருந்தியிருக்கும் டையை (கூட்டை அழுத்தி வடிவுக்குக் கொண்டுவரும் அச்சு) திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: முதலில் ஒரு டார்ச் விளக்கை எடுத்துக் கூட்டின் உள்ளே அடித்துப் பாருங்கள். அடியில் நடுவில் ஒரே துளை இருந்தால் பாக்ஸர் வகை. உங்கள் ஊசி அதற்காகச் செய்யப்பட்டது. நடுவை விட்டு விலகி இரண்டு சிறு துளைகள் இருந்தால் பெர்டான் வகை. அங்கே நடுவில் ஊசி இறங்கத் துளையே இல்லை, முட்டி முறியத்தான் செய்யும். (பாக்ஸர் ஆங்கிலேயர், பெர்டான் அமெரிக்கர். ஆனால் அமெரிக்காவில் இன்று பரவலாக இருப்பது பாக்ஸர் வகைதான்.) டையின் மேல் பழி போடாதீர்கள். 'மறுபடி நிரப்பத் தக்கவை' என்று சொல்லிக் கலப்படக் கூடுகளை விற்றவரிடம் பணத்தைக் கேளுங்கள். அந்தப் பணம் உங்களுக்குச் சேரவேண்டியது.

கேள்வி: டிஜிட்டல் தராசில் ஒரே பொருளை எத்தனை முறை வைத்தாலும் வேறு வேறு எடை காட்டுகிறது. 'கிராமில் இரண்டு தசம இடம் வரை காட்டும், மிகத் துல்லியமானது' என்று சொல்லி விற்றார்கள். இப்போது மாற்றித் தர மறுக்கிறார்கள்.

பதில்: இந்த ஏமாற்று வேலையைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை. திரையில் எத்தனை இலக்கம் தெரிகிறது என்பது ஒன்று, அந்த இலக்கம் எவ்வளவு உண்மை என்பது வேறொன்று. பெட்டியின் மேல் முதலாவதை அச்சிட்டு, இரண்டாவதை விற்றதாகப் பேசுகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிரெய்ன் என்பது சுமார் 0.065 கிராம். இந்த வேலைக்கான தராசு 0.1 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 0.0065 கிராம் வரை பிரித்துக் காட்டவேண்டும். உங்கள் தராசின் கடைசி இலக்கமான 0.01 கிராமோ 0.15 கிரெய்னுக்கு மேல். அது ஒழுங்காக வேலை செய்தாலும் உங்களுக்குப் போதாது. நகையும் மசாலாவும் நிறுக்கும் பொருளை, என்ன வேலைக்கு என்று கேட்ட பிறகும் உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

கடைக்குப் போகுமுன் சாட்சியம் சேருங்கள். மின்விசிறியை நிறுத்தி, சமதளத்தில் வைத்து, புதிய பேட்டரி போட்டு, அரை மணி நேரம் ஓடவிடுங்கள். கைபேசியைத் தள்ளி வையுங்கள். பிறகு நீங்கள் நிறுக்கும் எடைக்கு அருகில் உள்ள சோதனை எடைக்கல்லைத் தட்டின் நடுவிலும் நான்கு ஓரங்களிலும் வைத்துப் படம் எடுங்கள். தராசோடு வரும் பெரிய எடைக்கல் மட்டும் போதாது. அங்கே சரியாகக் காட்டிவிட்டு அடிமட்டத்தில் தடுமாறும் தராசுகள் உண்டு.

இன்னொன்றையும் சோதியுங்கள். சிறு இடுக்கியால் மருந்துத் துகளை ஒவ்வொன்றாகத் தட்டில் போடுங்கள். பல தராசுகளில் எண் அசையவே அசையாது. தட்டைத் தூக்கி மறுபடி வைத்தால் சட்டென்று கூடிவிடும். மிகச் சிறிய மாற்றத்தைத் தானாகவே அழித்துவிடும் ஏற்பாடு உள்ளே இருக்கிறது. மெதுவாகத் துகள் சேர்ப்பவர் அளவைத் தாண்டிப் போட்டுவிட்டு, சரியாகப் போட்டோம் என்று நம்பிக்கொண்டிருப்பார். விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

பணத்தைத் திரும்பக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். 'பிழை எல்லை, கூட்டல் கழித்தல் எவ்வளவு?' என்ற கேள்வியையும் அதில் சேருங்கள்.

கேள்வி: திறந்த மருந்து டப்பா ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறது. லேபிள் நன்றாக இருக்கிறது.

பதில்: வாங்காதீர்கள்.

கேள்வி: 'புதிது போல' என்ற விளம்பரத்தைப் பார்த்து வாங்கிய பழைய பிரஸ்ஸில் (நெம்புகோலால் கூட்டை டைக்குள் அழுத்தும் கருவி) குண்டு கூட்டுக்குள் கோணலாக இறங்குகிறது. விற்றவர் 'அப்படித்தான் இருக்கும்' என்கிறார்.

பதில்: அப்படி இருக்கக் கூடாது. எனக்கும் ஒருவர் இப்படித்தான் விற்றார். கூட்டை ஏற்றி இறக்கும் தண்டில் கிரீஸ் அப்பி, பளபளவென்று வந்தது. வீட்டில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்ததும் தண்டு பக்கவாட்டில் ஆடியது. நெம்புகோல் இணையும் இடத்தில், வார்ப்பிரும்புச் சட்டத்தில் மயிரிழை போல விரிசல். அதன் பிறகு அவர் கைபேசியை எடுக்கவே இல்லை.

நீங்களும் கிரீஸைத் துடைத்துவிட்டுத் தண்டை மேலே ஏற்றி, விரல்களால் ஆட்டிப் பாருங்கள். டை உட்காரும் மரையில் டையைக் கையால் திருகுங்கள், தடையில்லாமல் இறங்கவேண்டும். கூட்டைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரையும் பாருங்கள். அதன் எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். தவறான ஷெல் ஹோல்டர் மாட்டியிருந்தாலும் கோணல் வரும், அப்போது விற்றவர் மேல் குற்றமில்லை. தண்டே ஆடினால், விளம்பரத்தின் படத்தோடு பணத்தைக் கேளுங்கள். விடாதீர்கள்.

கேள்வி: ரைஃபிள் கூடு டைக்குள் சிக்கிக்கொண்டது. கார்பைடு (மிகக் கடினமான பொருள்) டைக்கு மசகு தேவையில்லை என்று கேள்விப்பட்டுப் போடவில்லை. மாற்றித் தரச் சொல்லலாமா?

பதில்: கூடாது. அந்தச் சலுகை நேரான சுவருள்ள கைத்துப்பாக்கிக் கூடுகளுக்கு. கழுத்து ஒடுங்கிய ரைஃபிள் கூட்டுக்கு கார்பைடானாலும் மசகு வேண்டும். டையோடு வந்த தாளில் இது அச்சிட்டே இருந்திருக்கும், பிரித்துப் படித்தீர்களா? சுத்தியலால் அடிக்கவேண்டாம். கூட்டின் அடியைத் துளைத்து, மரை வெட்டி, திருகாணியால் இழுத்தெடுக்கும் சிறு கருவித் தொகுப்பு கிடைக்கிறது. அடுத்த முறை மசகை மெல்லியதாகப் பூசுங்கள். அதிகமானால் கூட்டின் தோளில், அதாவது கழுத்துக்குக் கீழே சரியும் பகுதியில், பள்ளம் விழும்.

கேள்வி: புதிதாகப் பழகுகிறேன். ஒரே இழுப்பில் பல வேலை செய்யும் புரோகிரசிவ் பிரஸ் வாங்கினேன். இடையில் மருந்து அளவி சிக்கியது. சில கூடுகளில் மருந்து இரண்டு முறை விழுந்திருக்கலாம். செய்த தோட்டாக்களை நிறுத்துப் பார்த்துப் பிரித்துவிடலாமா?

பதில்: முடியாது. இதை நம்பிச் சுட்டால் துப்பாக்கி வெடிக்கும், கையும் கண்ணும் போகும். கூட்டுக்குக் கூடு, குண்டுக்குக் குண்டு எடை மாறும். கைத்துப்பாக்கித் தோட்டாவில் அந்த மாற்றமே மருந்தின் எடையை மூடி மறைக்கப் போதும். அளவி சிக்கிய அந்த அமர்வில் செய்த அத்தனை தோட்டாக்களையும் குண்டு பிடுங்கும் கருவியால் பிரியுங்கள், சந்தேகமில்லாதவை என்று ஒன்றைக்கூட ஒதுக்காதீர்கள்.

அளவி சிக்குவதற்கு ஆடும் மேசையும் ஒரு காரணமாகலாம். பிரஸ்ஸை ஆடாத பலகையில் போல்ட் போட்டு இறுக்குங்கள். நெம்புகோலைப் பாதியில் நிறுத்தித் திருப்பாதீர்கள். நீளமான துகள்கள் குழாயில் குறுக்கே நின்று அடைக்கும்; பிளாஸ்டிக் புனலில் நிலைமின்சாரத்தால் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் மருந்தைப் புனலிலேயே விடாமல் அதன் சொந்த டப்பாவில் கொட்டிவிடுங்கள்.

வேகம் பார்த்து வாங்கச் சொன்ன விற்பனையாளர் மேல் எனக்குக் கோபம்தான். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்யும் எளிய பிரஸ்தான் புதியவருக்கு ஏற்றது. பெட்டி கிழியாமல் இருந்தால் இன்றே போய் மாற்றிக் கேளுங்கள். அதுவரை ஒவ்வொரு கூட்டிலும் விளக்கடித்து, மருந்தின் மட்டத்தைக் கண்ணால் பார்த்த பிறகே குண்டை வையுங்கள்.