அமெரிக்க அதிபர் தேர்ந்தெடுக்கும் அமைச்சரை செனட் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? அப்படி நடந்திருக்கிறதா?

முடியும், நடந்தும் இருக்கிறது. ஆனால் வாக்கெடுப்பு வரை போய்த் தோற்பது அபூர்வம். அமைச்சர் பதவிக்கு நிறுத்தப்பட்ட ஒருவர் கடைசியாக அப்படித் தோற்றது 1989-இல். பெரிய புஷ் பாதுகாப்பு அமைச்சராக ஜான் டவரை அறிவித்தார். டவர் இருபது வருஷத்துக்கு மேல் அதே செனட்டில் உட்கார்ந்திருந்தவர், அதன் ராணுவ விவகாரக் குழுவுக்கே தலைவராக இருந்தவர். பழைய சகா என்று யாரும் பார்க்கவில்லை. குடிப்பழக்கம், பெண்கள் விவகாரம், ஆயுதக் கம்பெனிகளுக்கு ஆலோசகராக இருந்து சம்பாதித்தது என்று எல்லாவற்றையும் கிளறி 53-க்கு 47 என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த நாற்காலிக்கு அப்புறம் வந்தவர்தான் பின்னாளில் துணை அதிபரான டிக் செனி.

எனக்கு ரொம்பப் பிடித்தது 1925-இல் நடந்த கூத்து. அதிபர் கூலிட்ஜ் அட்டர்னி ஜெனரலாக, அதாவது நீதித்துறை அமைச்சராக, சார்லஸ் வாரனை நிறுத்துகிறார். வாரன் சர்க்கரைக் கம்பெனிகளோடு நெருக்கமானவர், ஏகபோகக் கம்பெனிகள் மீது வழக்குப் போட வேண்டிய பதவியில் இவரா என்று சபையில் ஒரே சண்டை. துணை அதிபர் சார்லஸ் டாஸ் பதவியேற்று ஒரு வாரம்கூட ஆகவில்லை, பதவியேற்ற அன்றே 'உங்கள் விதிகள் சரியில்லை' என்று செனட்டர்களுக்குப் பாடம் எடுத்தவர். இன்னும் பேச ஆட்கள் பாக்கி, இன்றைக்கு வாக்கெடுப்பு இருக்காது என்று தெரிந்துகொண்டு வில்லர்ட் ஹோட்டலுக்குப் போய்ப் படுத்துவிட்டார். பேச வேண்டியவர்கள் பேச்சைச் சுருட்டிக்கொள்ள, வாக்கெடுப்பு 40-40 என்று வந்து நின்றது. சமன் ஆனால் துணை அதிபர் ஓட்டுத்தான் தீர்ப்பு. ஆளைத் தேடிப் பிடித்து டாக்ஸியில் கொண்டுவருவதற்குள், வாரனை ஆதரித்திருந்த ஒரே ஜனநாயகக் கட்சிக்காரர் எதிர்ப்பக்கம் தாவிவிட்டார். அவ்வளவுதான். கூலிட்ஜ் வீம்பாக அதே பெயரைத் திரும்ப அனுப்பினார், செனட் இன்னும் கூடுதல் வாக்கில் நிராகரித்தது.

2017-இல் கல்வி அமைச்சராக நிறுத்தப்பட்ட பெட்ஸி டிவாஸுக்காகத் துணை அதிபர் மைக் பென்ஸும், 2025 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சராக நிறுத்தப்பட்ட பீட் ஹெக்செத்துக்காகத் துணை அதிபர் ஜே.டி. வான்ஸும் சமனை உடைக்கச் சபைக்கு வந்து உட்கார்ந்தார்கள். மதியத் தூக்கத்தின் விலை அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

சரி, செனட்டுக்கு அப்படியானால் பல் இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் கடிப்பது வாக்கெடுப்புக்கு முன்னால். இத்தனை பேர் நம் கட்சியிலேயே கைதூக்க மாட்டார்கள் என்று தெரிந்தவுடன் ஆளே விலகிக்கொள்வார். டிரம்ப் அட்டர்னி ஜெனரலாக அறிவித்த மேட் கெயிட்ஸ் 2024 நவம்பரில் எட்டே நாளில் விலகினார். மோசமான இன்னொரு வழியும் உண்டு. ராணுவ அதிகாரிகளின் பதவி உயர்வுகளுக்கும் செனட் ஒப்புதல் வேண்டும். சாதாரணமாக யாரும் ஆட்சேபிக்காத வரை மொத்தமாக ஒப்புதல் கொடுத்து முடிப்பார்கள், ஒரே ஒருவர் ஆட்சேபித்தாலும் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். 2023-இல் டாமி டூபர்வில் என்ற ஒற்றை செனட்டர் இப்படியே 400-க்கும் மேற்பட்டவர்களைப் பத்து மாதம் போல நிறுத்தி வைத்தார். அந்த அதிகாரிகள் மேல் அவருக்கு எந்தக் குறையும் இல்லை, கருக்கலைப்புக்கு வேறு மாநிலம் போகும் படையினருக்கு பென்டகன் பயணச் செலவு தருவதுதான் பிடிக்கவில்லை. இதைத் தகுதிச் சோதனை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பணயக்கைதி பிடிப்பது என்றுதான் சொல்வேன்.

இன்னொன்று, எல்லாப் பதவிக்கும் இந்த ஒப்புதல் தேவையில்லை. இந்திய வம்சாவளியான நீரா டாண்டனை பைடன் பட்ஜெட் அலுவலகத் தலைவராக அறிவித்தார். செனட் அப்போது 50-50. பழைய ட்வீட்டுகளில் அவர் பல செனட்டர்களைத் திட்டி வைத்திருந்தார், சொந்தக் கட்சி ஜோ மான்சினே மாட்டேன் என்றதும் 2021 மார்ச்சில் விலகினார். இரண்டே மாதத்தில் பைடன் அவரை வெள்ளை மாளிகையில் மூத்த ஆலோசகராக வைத்துக்கொண்டார். அதற்கு செனட்டை யாரும் கேட்க வேண்டியதில்லை.