மூட்டுவலி கேள்வி பதில்: எந்த வலி என்று தெரிந்தபின் மாத்திரை

மாட்டுத்தாவணி: அம்மா பூ கட்டுறவங்க, வயசு 48. ரெண்டு மாசமா காலையில விரல் மடங்கல, நாரைப் பிடிக்கவே ஒன்பது மணி ஆயிடுது. ஆர்.ஏ. டெஸ்ட் நெகட்டிவ். அப்ப வாதம் இல்லைதானே டாக்டர்?

அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். மூட்டு வீங்கி எலும்பை அரிக்கும் முடக்குவாதம் இருந்தும், அதற்கான ரத்தப் பரிசோதனையான ஆர்.ஏ. நெகட்டிவாக வருபவர்கள் நிறைய. நோயே இல்லாமல் பாசிட்டிவ் வருபவர்களும் உண்டு. இதில் கையே அதிகம் சொல்லும். கை குலுக்குவது போல அம்மாவின் கையைப் பிடித்து, நான்கு விரல்களின் அடிமுட்டிகளையும் பக்கவாட்டில் மெல்ல அழுத்துங்கள். வலி தாங்காமல் கையை இழுத்துக்கொள்கிறார்களா? முட்டிகளுக்கு நடுவே உள்ள பள்ளம் வீங்கி மறைந்திருக்கிறதா? இதோடு காலை விறைப்பு ஒரு மணி நேரம் நீடித்து, ஆறு வாரமும் தாண்டியிருந்தால் வாதநோய் மருத்துவரை இந்த மாதமே பாருங்கள். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஆன்டி சி.சி.பி. ரத்தப் பரிசோதனைகளை எடுத்துப் போகலாம். ஏ.எஸ்.ஓ. டெஸ்ட் இதற்கு வீண் செலவு. வலி தொடங்குமுன் காய்ச்சல் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், சிக்குன்குனியா விட்டுப்போகும் வலியும் இப்படித்தான் இருக்கும். தள்ளிப்போடாதீர்கள்: அரித்த எலும்பு திரும்ப வளராது.

உசிலம்பட்டி: முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் 2.5 மி.கி., வாரம் ஒருநாள் ஆறு மாத்திரை மொத்தமா போடச் சொல்லியிருக்காங்க. வயித்தைப் புரட்டுது. தினம் ஒண்ணாப் பிரிச்சுக்கலாமா சார்?

கூடவே கூடாது. இந்த மருந்தை தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்குவதை நிறுத்திவிடும், உயிருக்கே ஆபத்து. ஒரு கிழமையை முடிவு செய்து அட்டையின் மேலேயே பேனாவால் எழுதிவையுங்கள். மருந்து வாங்கும்போது மி.கி. எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்: 2.5-க்குப் பதில் 10 மி.கி. மாத்திரை வந்து, அதிலும் ஆறு போட்டால் 15 மி.கி. 60 ஆகிவிடும். ராத்திரி சாப்பிட்டபின் போட்டால் புரட்டல் குறையும். போலிக் ஆசிட் (வைட்டமின் மாத்திரை) 5 மி.கி. வேறொரு நாளில் போட வேண்டும், அதை விட்டால் வாய்ப்புண் வரும். வாய்ப்புண்ணோடு காய்ச்சலோ, தனியாக மூச்சுத்திணறலோ வறட்டு இருமலோ எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

முதல் மூன்று மாதம் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்த அணுக்கள், கல்லீரல், கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு) பார்க்க வேண்டும். மது வேண்டாம். கர்ப்பமாக இருப்பவர்கள் தொடவே கூடாது. சிறுநீர்த் தொற்றுக்கு கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால் இந்த மாத்திரையைக் காட்டுங்கள், இரண்டும் சேரக்கூடாது. பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். அதற்குள் "கேட்கல" என்று விட்டுவிடாதீர்கள்.

மேலூர்: அப்பாவுக்கு நடுராத்திரியில கால் கட்டைவிரல் சிவந்து வீங்கிருச்சு. யூரிக் ஆசிட் 6.2 தான். அலோப்யூரினால வலி வந்தா மட்டும் போடலாமா?

இது கவுட், அதாவது யூரிக் ஆசிட் மூட்டில் படிந்து வரும் வலி போலத் தெரிகிறது. வலி உச்சத்தில் இருக்கும்போது யூரிக் ஆசிட் இறங்கிக் காட்டலாம். இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுங்கள். அலோப்யூரினால் வலி மாத்திரை கிடையாது, யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் மாத்திரை. 100 மி.கி.யில் தொடங்கி, யூரிக் ஆசிட் அளவு 6-க்குக் கீழே வரும்வரை டாக்டர் ஏற்றுவார். பிறகு தினமும் தொடர வேண்டும். ஏற்கெனவே போடுபவர் வலி வந்தாலும் நிறுத்தக் கூடாது. உடம்பில் தடிப்பு வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். பீர், ஈரல், குடல்கறியைக் குறைக்கச் சொல்லுங்கள்.

திருமங்கலம்: முட்டி தேய்ஞ்சுருச்சாம். நடந்தா இன்னும் தேயுமா?

தேயாது, நடங்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி 5 விநாடி நிறுத்துங்கள். ஒரு காலுக்கு 10 முறை, தினம் மூன்று வேளை. தொடைத்தசை இறுகினால் முட்டியின் சுமை இறங்கும். கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள்.

வாடிப்பட்டி: அப்பத்தா ஒரு வருஷமா கடையில செட் மாத்திரை வாங்கிப் போடுறாங்க. வலி இல்ல, ஆனா முகம் உப்பியிருக்கு.

அதில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு அதிகம். சுகர் ஏறும், எலும்பு மெலியும். பயந்துபோய் நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள்: இவ்வளவு நாள் போட்டவருக்கு உடம்பு தனக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானாகச் சுரப்பதை மறந்திருக்கும், திடீரென விட்டால் வாந்தி வந்து, பிரஷர் இறங்கி மயங்கிவிடுவார். மாத்திரைகளை அப்படியே எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையம் போங்கள், படிப்படியாகக் குறைப்பார்கள்.

சோழவந்தான்: தம்பிக்கு ஒரு முட்டி மட்டும் வீங்கிச் சுடுது, காய்ச்சலும் இருக்கு. ஒத்தடம் கொடுக்கலாமா?

வேண்டாம். மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம், சில நாளிலேயே மூட்டு கெட்டுவிடும். இன்றைக்கே மதுரை ராஜாஜி மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். ஊசியால் நீர் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும், அதனால் வழியில் எந்த மாத்திரையும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.