புரோட்டோஸ்டிக்டா – சிலோனோஸ்டிக்டா பிரிவுக்கு 12 மில்லியன் ஆண்டுதானா?

மைட்டோகாண்ட்ரியாவின் சிஓஐ (COI) மரபணு ஒன்றை மட்டும் வைத்து, இனங்கள் பிரிந்த காலத்தைக் கணிக்கும் பீஸ்ட் (BEAST) மென்பொருளை ஓட்டியிருக்கிறீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் புரோட்டோஸ்டிக்டா ஊசித்தட்டான்களும் இலங்கையின் சிலோனோஸ்டிக்டா ஊசித்தட்டான்களும் 12 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் பிரிந்ததாக வந்திருக்கிறது. அதை நம்ப வேண்டாம்.

முதல் தவறு, மரபணு மாறும் வேகத்தில். 0.023 என்று போட்டிருக்கிறீர்கள். பூச்சிகளுக்கு வழக்கமாகச் சொல்லும், மில்லியன் ஆண்டுக்கு 2.3 சதவீதம் என்பது, பிரிந்த இரு கிளைகளுக்கும் சேர்த்த கணக்கு. பீஸ்ட் கேட்பது ஒரு கிளைக்கானது, அதாவது 0.0115. இதைத் திருத்தினாலே வயது ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

அதுவும் போதாது. இவ்வளவு பழைய பிரிவில் கோடானின் (மரபணுவின் மூன்றெழுத்துக் குறியின்) மூன்றாம் இடம் திரும்பத் திரும்ப மாறி நிறைவுற்றிருக்கும்; பழைய மாற்றங்கள் மறைந்துபோவதால் ஆழமான கணுக்கள், அதாவது பழைய பிரிவுப் புள்ளிகள், இளமையாகத் தெரியும். மூன்றாம் இடத்தைத் தனிப் பகுதியாக்குங்கள் அல்லது நீக்கிப் பாருங்கள். 28எஸ் (28S) போன்ற உட்கரு மரபணு ஒன்றாவது சேருங்கள். வேகத்தை நம்பாமல், புதைபடிவத்தைக் குறைந்தபட்ச வயதாக வையுங்கள். இந்தியா மடகாஸ்கரிலிருந்து பிரிந்த 88 மில்லியனை நங்கூரமாக்கினால், கண்டப் பிரிவுக்கும் இந்தப் பூச்சிகளின் பிரிவுக்கும் தொடர்பு உண்டு என்று நிரூபிக்க வேண்டியதையே உள்ளே போட்டதாகிவிடும்.

ஜென்பேங்க் (GenBank) என்ற மரபணுத் தரவுத்தளத்தில் உள்ள பெயர்களையும் சரிபாருங்கள். இலங்கை இனங்கள் பல அங்கே இன்னும் பழைய ட்ரெபனோஸ்டிக்டா பேரினப் பெயரில் கிடக்கலாம். ஒப்பிட வெளிக்குழுவாக, அமெரிக்க ஊசித்தட்டான் பேரினமான பலெம்னெமா வேண்டும்.

பனியுகத்தில் பாக் நீரிணை வற்றி இலங்கைக்கு நிலவழி இருந்தது உண்மைதான். ஆனால் நிழல் ஓடையை விட்டு நகராத பூச்சி இது. நடுவில் கிடக்கும் வறண்ட சமவெளியை எப்படித் தாண்டும்?